உடன் இருந்தவர்

அக்கா, நீங்க நர்சம்மாதான? கேக்கலாமா வேண்டாமான்னு எட்டயபுரத்துல இருந்து யோசிச்சுக்கிட்டே வாரேன். தப்பா நெனைக்காதீங்க. ஒரு சந்தேகம், உங்க துறை சம்பந்தப்பட்டதுதான். வீட்டுலயே ஒரு புள்ள பொறந்துருச்சுன்னு வைங்க. பெறவு ஆஸ்பத்திரில பதியிறாங்கல்லா, அதுல 'பிரசவத்தின்போது உடன் இருந்தவர்'னு ஒரு கட்டம் இருக்கும். அதத் தப்பா எழுதிட்டாங்கன்னா மாத்த முடியுமா? யாருகிட்ட மனு குடுக்கணும்?

இல்லக்கா, பேரு தப்பா இல்ல. பேரே இல்ல. 'எவருமில்லை'ன்னு எழுதியிருக்கு. நான் அங்கனதான் இருந்தேன். இந்தா, உங்களுக்கும் அந்தக் கம்பிக்கும் எவ்வளவு தூரம், அவ்வளவு தூரத்துல நின்னேன். நின்னவன இல்லன்னு எழுதுனா எப்பிடி?

என் தங்கச்சி புள்ளக்கா. கூடப் பொறந்தவ. சண்முகக்கனின்னு பேரு, கனின்னு கூப்பிடுவோம். எங்க அப்பா போகும்போது அவளுக்கு ஒம்பது வயசு, எனக்குப் பதினாறு. நான் பத்தாவதோட நின்னுட்டேன். பொக்லைன் வண்டில கிளீனரா ஏறி, பெறவு ஓட்டப் படிச்சு, அந்த வண்டிலதான் அவளப் படிக்க வச்சேன். பி.காம். எங்க தெருவுலயே அவதான் மொத. நான் அடிச்சத ஒண்ணு விடாம கோர்ட்டுல சொன்னாளே, படிக்க வச்சத ஒரு வார்த்த சொல்லணும்லா? சொல்லல.

அடிச்சேன்னா என்ன பெரிய அடி. அப்பா இல்லாத வீடு. நான் அடிக்காம யாரு அடிக்கது?

ஒருநா அந்தப் பயகூட போன்ல பேசுறதப் பாத்துட்டேன். போனப் பிடுங்குனேன். அவ விடல. கைய லேசாத்தான் முறுக்குனேன். அவளுக்குச் சின்னதுலயே எலும்பு பலமில்ல. மாவுக்கட்டு போட நான்தான் பைக்ல வச்சுக் கூட்டிட்டுப் போனேன், வழியில எளநீ வாங்கிக் குடுத்தேன். ஆறு வாரம் அவளால தலை சீவ முடியாது, எங்க அம்மாதான் சீவிவிடும். கட்டு பிரிச்ச மறுநாளு காலைல போயிட்டா. பிரிக்கிற வரைக்கும் வீட்டுல இருந்து மூணு நேரமும் சாப்பிட்டுட்டுப் போயிருக்கா, பாத்துக்கிடுங்க. எவ்வளவு நெஞ்சழுத்தம்.

உனக்குத் தெரியாமலா அவ போனான்னு எங்க அம்மாகிட்ட கேட்டேன். வாயத் தொறக்கல. ஒரே ஒரு தட்டு. அந்தப் பல்லு ஏற்கெனவே ஆடிக்கிட்டிருந்த பல்லு.

அவன் பேரு முனியராஜ். கனி படிச்ச காலேஜ்லதான் அவனும். வேற ஆளுங்க. எந்த ஆளுங்கன்னு வேண்டாம், பஸ்ஸுல நாலு பேரு இருக்காங்க. அவன் அப்பன் ஆத்தா ரெண்டு பேரும் தூத்துக்குடிக்குத் தெக்க உப்பளத்துல வேலை. அவனும் படிச்சு முடிச்சு அங்கனயே மேஸ்திரியாச் சேந்துட்டான். ரெண்டு பேரும் ரிஜிஸ்டர் பண்ணிட்டு, போலீஸ்ல போயி நின்னு, எங்களால உயிருக்கு ஆபத்துன்னு எழுதிக் குடுத்துட்டு, உப்பளத்து லைன் வீட்டுல போயி உக்காந்துட்டாங்க. எங்களால ஆபத்தாம். பெத்த தாயாலயும் கூடப் பொறந்தவனாலயும்.

பதினோரு மாசம் நான் ஒண்ணுமே செய்யல அக்கா. அத ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. பதினோரு மாசம் ஒரு ஆம்பள சும்மா இருந்திருக்கான். வேலைக்குப் போனேன், வந்தேன். டீக்கடைல நான் போயி உக்காந்தா பேச்சு நின்னுரும், எந்திரிச்சா பேச்சு கேக்கும். தாங்கிக்கிட்டேன்.

பெறவு வளைகாப்பு வீடியோ வந்துச்சு. எவனோ எடுத்து, எவனோ அனுப்பி, எங்க ஊரு குரூப்புக்கே வந்துருச்சு. எங்க பெரியப்பா மகன் வேலாயுதம், எனக்கு எட்டு வயசு மூப்பு, அவன்தான் டீக்கடைல எல்லாரும் இருக்கும்போது போன என் மூஞ்சிக்கு நேர நீட்டுனான். கனி நாற்காலில உக்காந்திருக்கா. ரெண்டு கையும் நெறைய வளையல். கன்னத்துல சந்தனம். சிரிக்கா. எனக்கு அந்தச் சிரிப்புதான் அக்கா. எங்க வீட்டுல இருந்தவரைக்கும் அவ அப்பிடிச் சிரிச்சு நான் பாத்ததே கெடையாது.

வேலாயுதண்ணன் சத்தம் போடல. மெதுவாத்தான் சொன்னான். "புள்ள வெளிய வந்துட்டா பெறவு நீ என்ன செஞ்சாலும் பிரயோசனம் இல்லலே. நம்ம ரத்தம் அவன் வீட்டுல தவழும். அவன் அப்பன் அதத் தூக்கிக் கொஞ்சுவான்."

நாலு நாள் அது என் காதுலயே கெடந்துச்சு.

அஞ்சாவது நாள் விடிஞ்ச பெறவு கெளம்புனோம், அவன் கார்ல. நான் பேசத்தான் போனேன். உப்பளத்துல இருட்டோட எறங்கிருவாங்க, வெயில் ஏறுறதுக்குள்ள உப்ப வாரி முடிக்கணும்லா. ஒம்பது மணிக்கு லைன் வீடு பூராம் பூட்டிக் கெடக்கும், மாசமா இருக்கவ மட்டும்தான் இருப்பான்னு வேலாயுதண்ணன் விசாரிச்சு வச்சிருந்தான். அது அவன் விசாரிச்சது. எனக்குத் தெரியாது.

கையில என்ன வச்சிருந்தேன்னு கேக்கீங்களா? அருவாள். அது கார்ல எப்பவும் கெடக்கும், சீட்டுக்கு அடில. எறங்கும்போது கையில எடுத்தேன். வெறுங்கையோட போயி நின்னா யாரு பேச்சுக்கு மதிப்புக் குடுக்கா?

வரிசையா எட்டு வீடு. சிமெண்டு ஷீட்டு கூரை. நாலு பக்கமும் உப்பு, வெள்ளை வெளேர்னு, கண்ணு கூசுது. ஒரு ஈ காக்கா இல்ல. கடைசி வீடுதான் அவ வீடு. வாசல்ல துணி காயிது, சின்னச் சின்னதா கிழிச்ச வெள்ளைத் துணி. அவ எங்களப் பாத்துட்டா. கார்ச் சத்தத்துக்கு வெளிய எட்டிப் பாத்தவ, என் கையப் பாத்தா, கதவச் சாத்திட்டா. நான் கூப்பிட்டேன். நல்ல விதமாத்தான் கூப்பிட்டேன். கனி, கதவத் தொறடி, பேசணும்னேன். மறுபடி கூப்பிட்டேன். பெறவு மிதிச்சேன்.

ரெண்டு மிதி மிதிச்ச பெறவு உள்ள இருந்து பேசுனா. கதவுக்கு அந்தப் பக்கம், கீழ இருந்து சத்தம் வருது.

"அண்ணே, எனக்கு இடுப்பு கடுக்குதுண்ணே. இன்னைக்குப் போயிரு. புள்ள பொறக்கட்டும். பெறவு வந்து நீ என்ன செய்யணுமோ செஞ்சுக்கோ."

எனக்கு அது நடிப்புன்னு பட்டுச்சு. நாள் இன்னும் இருபது கெடந்துச்சு, அது வீடியோலயே ஒருத்தி சொல்லுதா. புருசன் வாரவரைக்கும் நேரத்த ஓட்டுதான்னு நெனச்சேன். மூணாவது மிதிச்சேன். கதவு கொஞ்சம் உள்ள போயிட்டு, திரும்பி வந்துச்சு. மரம் அப்பிடி வராது அக்கா. நான் எவ்வளவு செவுரு இடிச்சிருக்கேன், எனக்குத் தெரியும். மரம் அப்பிடி மெத்துன்னு திருப்பித் தராது. உள்ள முதுகக் குடுத்து, கால எதிர்ச் செவுத்துல ஊனி உக்காந்திருக்கா. அது எனக்கு எப்பிடித் தெரியும்?

தெரிஞ்சுது. அந்நேரம் ஒரு வேகம். வேகத்துல இருக்கவனுக்கு எது தெரியும், எது தெரியாது.

எத்தன மிதின்னு கேட்டாங்க கோர்ட்டுல. யாரு எண்ணுனா? அவ எண்ணியிருக்கா. பதினாலு மிதியாம். முதுகுல கன்னிப் போன தடத்தப் போட்டோ புடிச்சு வச்சிருந்தாங்க. அவ கத்துறா, நான் மிதிக்கேன், அவ கத்துறா. கொஞ்ச நேரத்துல கத்துறது மாறிப்போச்சு. மொத பயந்து கத்துனா. பெறவு மாடு அடிவயித்துல இருந்து கத்துமே, அந்த மாதிரி. எனக்கே முடியெல்லாம் குத்திட்டு நின்னுச்சு. அதுக்கெடைல கதவுக்கு அடில இருந்து தண்ணி வந்துச்சு. என் செருப்பு நனைஞ்சுது. குடத்தக் கவுத்துட்டா போலன்னு நெனச்சேன். நம்மள வழுக்கிவிடப் பாக்கா பாருலேன்னு வேலாயுதண்ணன் சொல்லிச் சிரிச்சான். தண்ணி வெதுவெதுன்னு இருந்துச்சு. வெயில்ல கெடந்த குடம்னு நெனச்சுக்கிட்டேன். பனிக்குடம்னு எனக்கு யாரு சொல்லிக் குடுத்தா? நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தெரியும்.

டாக்டரம்மா சாட்சி சொல்லும்போது சொன்னாங்க, தலைச்சன் புள்ள, தண்ணி ஒடஞ்சதுல இருந்து புள்ள வெளிய வர அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, இவ்வளவு வேகமா பொறக்குறது ரொம்ப அபூர்வம்னு. ஆமா, வேகந்தான். நான் பாத்தேன்ல்லா.

வேலாயுதண்ணன் கார்ல இருந்து கடப்பாரை கொண்டாந்தான். கீல்ல வச்சு நெம்புனான். ரெண்டு நெம்புல கதவு சாஞ்சிருச்சு. அதுக்குள்ள அவ கதவ விட்டுட்டு, உள்ள அடுப்பு மூலைக்குப் போயிட்டா. நடந்து போகல, தவழ்ந்து போயிருக்கா. தரையில கோடு மாதிரி ரத்தம்.

நான்தான் மொத உள்ள போனேன்.

எப்பிடிச் சொல்ல அக்கா. நீங்க பொம்பள, அதுவும் நர்சு. நீங்க பாக்காததா. அடுப்பு மேடைக்கு ஒரு கல்லு முட்டுக் குடுத்திருப்பாங்கல்லா, அத ஒரு கையால புடிச்சிக்கிட்டு குத்துக்காலிட்டு உக்காந்திருக்கா. நைட்டியச் சுருட்டி வாயில கடிச்சிருக்கா. ஒரு கை கீழ இருக்கு. அந்தக் கைக்குள்ள புள்ளத் தலை. தலை மட்டும் வெளிய. கறுப்பா முடி, ஈரமா. கண்ணு மூடியிருக்கு. ஒடம்பு இன்னும் அவளுக்குள்ள இருக்கு. அவ நிமிந்து என்னையப் பாத்தா. நான் ஏழு வயசு மூத்தவன், அவள எத்தனையோ அடிச்சிருக்கேன், அப்பல்லாம் என்னையப் பாக்கும்போது கண்ணு கீழ போயிரும். அன்னைக்குப் போகல. நேர பாத்தா. வெறி நாய் பாக்குற மாதிரி.

வேலாயுதண்ணன் எம் பின்னால வந்தான். பாத்தான். ரெண்டையும் சேத்து முடிச்சிருலே, இதவிட நேரம் கெடைக்காதுன்னான். இதுதான் அக்கா முக்கியம். இத நீங்க நல்லாக் கேக்கணும். நான் மாட்டேன்னேன். கைய நீட்டி அவனத் தடுத்து, "இருண்ணே, புள்ள வெளிய வரட்டும்"னு சொன்னேன்.

அதச் சொன்னது நான்தான். அவன் என்னைய ஒரு பார்வ பாத்தான். நீ ஆம்பளயே இல்லன்னு ஒரு கெட்ட வார்த்த சொன்னான். காறித் துப்பிட்டு வெளிய போயிட்டான். கார் கெளம்புற சத்தம் கேட்டுச்சு. என்னைய விட்டுட்டே போயிட்டான். நான் மட்டும் அன்னைக்குச் சரின்னு சொல்லியிருந்தா இன்னைக்கு அவளும் இல்ல, அந்தப் புள்ளயும் இல்ல. ரெண்டு உசுரு. அதுக்கு ஒரு நன்றி வேண்டாமா? கோர்ட்டுல அவ அதயே திருப்பிச் சொல்லுதா. 'புள்ள வெளிய வரட்டும்னு சொல்லி அருவாளோட காத்துக்கிட்டு நின்னான் மேடம்'ன்னு சொல்லுதா. என் வாயில வந்த அதே வார்த்த. அத அப்பிடி அர்த்தம் பண்ணலாமா? என் வக்கீலே தலையக் குனிஞ்சுக்கிட்டான்.

ஒரு முக்கல். தோளு வந்துச்சு. கொடி கழுத்தச் சுத்தியிருந்துச்சு. அவளே ரெண்டு விரலால தூக்கி, தலை வழியாக் கழட்டிவிட்டா. யாரு சொல்லிக் குடுத்தா அவளுக்கு? அம்மாவுக்கும் தெரியாது, அம்மா ஆஸ்பத்திரில பெத்தது. எனக்கு மனசு கேக்கல. கூடப் பொறந்தவன்லா. உதவி செய்யலாம்னு குனிஞ்சு ஒரு கைய நீட்டுனேன், புள்ளயப் புடிச்சு இழுக்கலாம்னு. கடிச்சிட்டா. இந்தா பாருங்க, எடது கை. நாலு தையல். துணிய வாயில இருந்து துப்பிட்டு, சதை பிய்யிற மாதிரிக் கடிச்சா. வலியில கடிச்சிருக்கா, வேற என்ன. அந்தக் கடியோடவே அடுத்த முக்கல். புள்ள வழுக்கி அவ கையிலயே விழுந்துருச்சு.

பொட்டப் புள்ள. அழல. நீலமா இருந்துச்சு. நான் செத்துருச்சுன்னுதான் நெனச்சேன். அவ நெனைக்கல. வாயில விரல விட்டுத் தோண்டி எடுத்தா. குப்புறப் போட்டு முதுகத் தேச்சா. வாயோட வாய் வச்சு ஊதுனா. அந்த நேரம் நான் இருக்கேன்ங்கதே அவளுக்கு மறந்து போச்சு. ஒரு தடவ விக்குச்சு. பெறவு அழுதுச்சு பாருங்க அக்கா, அந்தச் சத்தம். அவ்வளவு சின்ன ஒடம்புல இருந்து. என் கண்ணுல தண்ணி வந்துருச்சு. சத்தியமா. நான் அழுதேன். அத எந்தப் பேப்பர்லயும் எழுதல.

கொடி தொங்குது. துடிச்சுக்கிட்டு இருக்கு. அறுக்கணும்னு தெரியும், எப்ப அறுக்கணும்னு தெரியாது. அதான் கேட்டேன். "அறுக்கட்டுமா?"ன்னு கேட்டேன்.

அவ புள்ளயோட கழுத்த ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டா. பொத்தி, நெஞ்சோட அமுக்கி, முதுக என் பக்கமாத் திருப்பிக்கிட்டா. என் முதுகுல வெட்டுன்னு சொன்னா. நான் கொடியத்தான் அக்கா கேட்டேன். வேற எத கேப்பேன்?

கையில வச்சிருந்ததக் கீழ வச்சியா வைக்கலையான்னு அதுக்கு மட்டும் அரை நாள் குறுக்கு விசாரணை. கடைசிவரைக்கும் வைக்கலன்னு அவ சொன்னா. நான் வச்சிட்டேன்னுதான் எனக்கு ஞாபகம். ஆனா கடிச்சது எடது கை. எடது கையத்தான் நீட்டியிருக்கேன். நான் சோத்தாங்கை பழக்கம் உள்ளவன். அப்ப வலது கையில என்ன இருந்துச்சுன்னு ஜட்ஜம்மா கேட்டாங்க. நான் அதப்பத்தி நெறைய யோசிச்சிட்டேன். ஒரு பதட்டத்துல மறந்திருப்பேன். ஓங்கலையே. கையில இருந்தா வெட்டத்தான்னு அர்த்தமா?

நான் ஒரு உதவியும் செய்யலன்னு சொல்ல முடியாது. தண்ணி குடுத்தேன். பானையில இருந்து மோந்து, டம்ளர் அவ பக்கத்துல வச்சேன். அவ குடிக்கல. உதடெல்லாம் வெடிச்சிருக்கு, ரத்தம் போய்க்கிட்டே இருக்கு, தண்ணியப் பாக்கா, குடிக்கல. சரி, குடிக்காதது அவ இஷ்டம். குடுத்தது குடுத்ததுதான? உங்க சட்டத்துல அது உதவியா இல்லையா?

பெறவு நஞ்சுக்கொடி வந்துச்சு. அதுவும் அவளே. மஞ்சள் பையில எடுத்து வச்சு, புள்ளயோட சேத்துச் சேலையில சுத்திக்கிட்டா. எல்லாம் ஒத்தக் கையால. இன்னொரு கை புள்ள கழுத்த விட்டு எடுக்கவே இல்ல.

அதுக்குள்ள அவங்க வந்துட்டாங்க. உப்பு ஏத்த வந்த லாரிக்காரன் எங்க கார் அங்கன நின்னப்பவே பாத்துட்டு, சந்தேகப்பட்டு, உப்புப் பாத்திக்கே போயிச் சொல்லியிருக்கான். முனியராஜ் ஓடி வந்தான். பின்னால பத்து பதினஞ்சு பேரு, ஆம்பளயும் பொம்பளயும். அவன் பாக்கான்: கதவு சாஞ்சு கெடக்கு, தரை பூரா ரத்தம், என் சட்டை ரத்தம், என் கை ரத்தம். என் கையில வடிஞ்சது என் சொந்த ரத்தம் அக்கா, அவ கடிச்சது. அவன் கேக்கணும்லா, என்ன நடந்துச்சுன்னு? ஒரு வார்த்த கேக்கல. உப்பு வாருற பலகை, நீளக் கம்புல பலகை அடிச்சிருப்பாங்க, அதால மொத அடி காதோட சேத்து விழுந்துச்சு. வெளிய இழுத்துப் போட்டாங்க. உப்பு மேல போட்டு அடிச்சாங்க. தோலு கிழிஞ்ச எடத்துல எல்லாம் உப்பு ஏறுது. பொம்பளையெல்லாம் அடிச்சா. ஒருத்தி ரப்பர் பூட்ஸ் காலோட மூஞ்சில மிதிச்சா. கை எலும்பு ரெண்டு எடத்துல போச்சு. நான் திருப்பி ஒரு அடி அடிக்கல. அண்ணன் அடிபட்டுச் சாகக் கெடக்கான், அவ உள்ள இருந்து ஒரு வார்த்த, விடுங்கன்னு சொன்னாளா? இல்ல. அவ வேற ஒரு சத்தம் போட்டா. புள்ள உசுரோட இருக்குன்னு சொன்னா. அதக் கேட்டுத்தான் அந்தப் பய அடிக்கிறத நிறுத்திட்டு உள்ள ஓடுனான். அவன் ஓடாம இருந்திருந்தா நான் அன்னைக்கே போயிருப்பேன்.

108 ஆம்புலன்ஸ்ல வந்த நர்சுப் புள்ளதான் கொடிய அறுத்துச்சு. அதுதான் கேட்டிருக்கு, பிரசவம் யாரு பாத்தாங்க, கூட யாரு இருந்தாங்கன்னு. இவ சொல்லியிருக்கா, கூட யாரும் இல்லன்னு. அதயே ஆஸ்பத்திரில எழுதி, அதயே கேஸ் கட்டுல சேத்து, அந்த நகல் எனக்கு வந்துச்சு. நான் கைல கட்டோட ஜெயில்ல உக்காந்து அதப் படிக்கேன். எவருமில்லை. அப்பிடின்னா நான் யாரு?

என் வக்கீல் நல்ல வக்கீல். நேராவே கேட்டான் அவகிட்ட: உன் அண்ணன் அங்க இருந்தது உண்மையா இல்லையா, தண்ணி குடுத்தது உண்மையா இல்லையான்னு. அவ ஜட்ஜம்மாவப் பாத்துச் சொன்னா. அழாமச் சொன்னா.

"மேடம், எனக்கு வலி வந்தப்ப புள்ள இப்ப வேண்டாம்னுதான் நெனச்சேன். கதவு தாங்காதுன்னு தெரிஞ்ச பெறவுதான் முக்க ஆரம்பிச்சேன். உள்ளயே இருந்தா ரெண்டு பேரும் போயிருவோம். வெளிய வந்துட்டா அத மட்டுமாவது யாராவது தூக்கிக்கிட்டு ஓடுவாங்கன்னு நெனச்சேன். கதவு ஒடையிறதுக்குள்ள பெத்துறணும்னு பெத்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

பாத்தீங்களா, எப்பிடிச் சொல்லிக் குடுத்திருக்காங்கன்னு? இதெல்லாம் கனிக்குப் பேசத் தெரியாது அக்கா. எங்க வீட்டுல அவ வாயத் தொறந்து ரெண்டு வார்த்த சேந்தாப்புல பேசுனதில்ல. அவன் வீட்டு ஆளுங்க யாராவது எழுதிக் குடுத்திருப்பாங்க. எங்க அம்மா பின்னால உக்காந்திருந்துச்சு. எனக்காக வந்து உக்காந்திருக்குன்னு நெனச்சேன். சாட்சி முடிஞ்சதும் எந்திரிச்சு அவகூடப் போயிருச்சு. ரெண்டு பேரும் என்னையத் திரும்பிப் பாக்கல. அம்மா அதோட வீட்டுக்கு வரவே இல்ல.

எனக்கு மூணு வருசம் போட்டாங்க. அப்பீல் போட்டு வெளிய இருக்கேன். வேலாயுதண்ணன் மேல போதிய சாட்சியம் இல்லன்னு விட்டுட்டாங்க, என் வீட்டுப் பக்கமே வாரதில்ல. அவ இருக்குற பக்கம் நான் போகக் கூடாதுன்னு நிபந்தனை. தீர்ப்பு வந்த மறுவாரமே அவங்க உப்பளத்தக் காலி பண்ணிட்டாங்க. எந்தப் பக்கம் இருக்காங்கன்னே தெரியாம எந்தப் பக்கம் போகாம இருக்கது, சொல்லுங்க?

அந்தப் புள்ளைக்கு இப்ப ஒண்ணே முக்கா வயசு. நடக்கும். பேசும்னு நெனைக்கேன். பேரு என்னன்னு தெரியாது. பேப்பர்ல எல்லாம் பெண் குழந்தைன்னுதான் போட்டிருக்கு. தாய்மாமன் அக்கா நான். அது பொறக்கும்போது நின்னவன்.

விளாத்திகுளத்துல எனக்கு ஒரு வேலையும் இல்ல. புதன்கிழமை ஊசி போடுற நாளுல்லா, இந்த ரூட்ல நர்சம்மாங்க வருவாங்கன்னு சொன்னாங்க. அதான் புதன்கிழமையானா இந்த பஸ்ஸுல ஏறிருதேன். ஒரு மாசமா ஏறுதேன். இதுக்கு முன்ன ரெண்டு பேருகிட்ட கேட்டேன். ஒருத்தி பாதியிலயே எந்திரிச்சு முன்னால போயிட்டா. ஒருத்தி கண்டக்டரக் கூப்பிட்டுட்டா. நீங்கதான் முழுசாக் கேட்டீங்க. கட்டத்துல எழுதுறதெல்லாம் பெறவு பாத்துக்கலாம் அக்கா, அது கெடக்கட்டும்.

மாசமா இருக்கவளுக்கு உங்க ஆளுங்க ஒரு நம்பர் குடுப்பாங்கல்லா, பன்னெண்டு எலக்கத்துல. அது கேஸ் கட்டுல இருந்த கனியோட அட்டைல இருந்துச்சு. எழுதி வச்சிருக்கேன், எழுதாட்டியும் மனப்பாடம்தான். உங்க போன்ல அதப் போட்டா, அந்தப் புள்ளைக்கு இப்ப எந்த ஊர்ல ஊசி போடுறாங்கன்னு வந்துருமாம். ஒரே ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க. ஏன் போன உள்ள வைக்கிறீங்க? நான் என்ன செஞ்சிருவேன்? தூரத்துல நின்னு பாத்துட்டு வந்துருவேன். தெருவு வேண்டாம், வீட்டு நம்பர் வேண்டாம்.

ஊரு பேரு மட்டும் போதும்.